கிருமிக்கு வழியனுப்பு விழா

கிருமி செத்து விழுந்ததும் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

சுகாதார ஆய்வாளர் சகாயராஜ் மேடை ஓரத்தில் நாடகப் பிரதியோடு விக்கித்து நின்றார். அந்த இடத்தில் 'பலத்த கரவொலி' என்றல்லவா எழுதி வைத்திருந்தார்!

"சாகாதே கிருமி! எந்திரி!" என்று ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் கத்தினான். மேடையில் வெற்றிக் களிப்போடு நின்ற சோப்பின் மேல் வேர்க்கடலைத் தொலி வந்து விழுந்தது.

போன ஐப்பசி மழையில் அந்த மேலவாய்க்கால் ஊரில் பதினோரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நிலைமை மோசமான இரண்டு பேரை வாடகைக் காரில் மடியில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடியவர் சகாயராஜ்தான். அதில் ஒரு பொடியன் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே மயங்கிப்போனான். பிழைத்துக்கொண்டான். பொத்தான் அவன் கையோடு போய்விட்டது. அந்தச் சட்டையை அவர் மறுபடி போடவே இல்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவப் பழகிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். சுவரொட்டி ஒட்டினார். ஆடு தின்றது. ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். பள்ளிக்கூடமே தூங்கியது. பங்குக் கோயில் கிறிஸ்மஸ் நாடகத்தில் இருபது வருஷம் ஏரோது மன்னனாகக் கர்ஜித்த மனிதர், கடைசியில் தனக்குத் தெரிந்த வித்தையையே கையில் எடுத்தார். 'கிருமி வதம்' பிறந்தது.

சோப்பு வேஷத்துக்கு எட்டாம் வகுப்பு அருள்பிரகாஷ். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, ஒரே சுருதியில் வசனம். கிருமி வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து நுஸைபா மட்டும் கையைத் தூக்கினாள்.

"நான் பண்றேன் சார். சாகுற சீன் இருக்குல்ல?"

இருந்தது. அரை நிமிஷக் காட்சி. நுஸைபா அதை ஐந்து நிமிஷம் செய்தாள். சோப்பு நுரை பட்டதும் சுழன்றாள், விழுந்தாள், எழுந்தாள், "ஐயோ செத்தேன்" என்றாள், கொஞ்சம் யோசித்து மறுபடி விழுந்தாள். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். பிறகுதான் அழுதார்கள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளும் கிருமியாக இருந்தார்கள். சோப்பாக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. அருள்பிரகாஷ் கண்கலங்க வந்தான்.

"ஏய் சோப்புன்னு கூப்புடுறானுவ சார். நான் நாளையிலேர்ந்து வரல."

"கிருமிக்குப் பாட்டு வச்சதுதான் தப்பு" என்று சகாயராஜ் முடிவு செய்தார். அடுத்த வாரம் அங்கன்வாடித் திடலில் நாடகம். பாட்டையும் வசனத்தையும் வெட்டி, நுஸைபாவைச் சும்மா நிற்கச் சொன்னார்.

அவள் சும்மாதான் நின்றாள். வயிற்றைத் தடவிக்கொண்டு ஒரு ஏப்பம் விட்டாள். முன்வரிசையில் இட்லி தின்றுகொண்டிருந்த குழந்தையைப் பார்த்து, "கை கழுவாம தின்னியே கண்ணு, ரொம்ப தேங்க்ஸ்" என்றாள். திடலே அதிர்ந்தது. சோப்பு என்ன பேசிற்று என்பது யாருக்கும் கேட்கவில்லை.

சரி, கிருமியைப் பயங்கரமாக்கிவிடலாம் என்று கரிப் பூச்சும் இரண்டு அட்டைக் கொம்பும் கொடுத்தார். அன்று மாலையே ஊரில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் கொம்பு கேட்டு அடம்பிடித்தார்கள். அடுப்புக்கரி முகத்தோடு தூங்கிய பிள்ளைகளால் தலையணை உறை எல்லாம் பாழ் என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் நுஸைபாவின் அம்மா சைத்தூன் பீவியும் வந்தார்.

"என்னங்க சார், எம்புள்ளைக்கு நுஸைபான்னு அழகா பேரு வச்சிருக்கோம். இப்ப மளிகைக் கடையில கூட 'கிருமிக்கு என்ன வேணும்'னு கேக்குறாங்க."

"மன்னிச்சுக்குங்கம்மா..."

"அது கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை சவூதி தம்மாமிலேர்ந்து அவ அத்தா எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டாங்க. குடும்பச் சேதி ஒண்ணு பேசல. இவ முழு நாடகத்தையும் போன்லயே நடிச்சிட்டா. பூத்துக்காரரு கடையச் சாத்திட்டு நின்னு கேக்குறாரு."

"நுஸைபா அத்தா என்ன சொன்னார்?"

"எல்லாம் நல்லாருக்கு, ஆனா எம்பொண்ண எதுக்குச் சாகடிக்கிறீங்கன்னு கேட்டாங்க." சைத்தூன் பீவியின் குரல் இறங்கியது. "மூணு வருஷமா புள்ளைய பாக்காத மனுசன் சார். போன்ல அவ 'செத்தேன்'னு கத்துனது அவங்களுக்குத் தாங்கல. வேஷம் போடட்டும். சாக மட்டும் வேணாம்."

சகாயராஜுக்கும் ஒரு மகள் சிங்கப்பூரில் இருந்தாள். மறுபேச்சில்லாமல் முடிவை மாற்றி எழுதினார். கிருமி சாகாது. சோப்பிடம் மன்னிப்புக் கேட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடும்.

"சாக வேணாமா சார்?" நுஸைபாவின் முகம் சுருங்கிப்போனது. "அதுதானே சார் இருக்கறதுலயே நல்ல சீனு."

அடுத்த முறை மறுபடி பள்ளிக்கூடத்திலேயே நாடகம். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஜெனிட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சி வந்தது. நுஸைபா அத்தாவின் பழைய சூட்கேஸைத் தூக்கினாள். வாசல் வரை நடந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வர்றேன். எல்லாரும் நல்லாப் படிங்க. போய்ச் சேர்ந்ததும் போன் போடுறேன்."

பிரதியில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் அந்த வரி ஒரு தடவையாவது சொல்லப்பட்டிருந்தது. முதலில் ஒரு தாய் முந்தானையை எடுத்தார். அப்புறம் வரிசையாக எல்லோரும். ஒரு சிறுமி ஓடிப்போய்க் கிருமியின் கையில் முறுக்குப் பொட்டலத்தைத் திணித்தாள். சோப்பு வேஷத்தில் நின்ற அருள்பிரகாஷும் விசும்பினான். அவன் அப்பா குவைத்தில்.

டாக்டர் ஜெனிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்தார். ஆனால் குரலில் ஈரம் இல்லை.

"சகாயராஜ், கிருமியை ஒழிக்கச் சொல்லித்தான் கவர்மெண்ட் நமக்குச் சம்பளம் குடுக்குது. வழியனுப்பி வைக்க இல்ல."

"ஆமாங்க மேடம்."

"நாடகத்த நிறுத்திடுங்க."

இரண்டு வாரம் கழித்து, அட்டைக் கொம்பையும் சோப்பு அட்டையையும் எடுத்துப்போக சகாயராஜ் டிவிஎஸ் 50-இல் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். 'நாடக முயற்சி முழுத் தோல்வி. பிள்ளைகளுக்குக் கிருமியின் மீது பாசம் ஏற்பட்டதே பலன்' என்று எழுதிய அறிக்கை சட்டைப்பையில் இருந்தது. வானம் கருத்துக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நாளில் மழை பிடித்துக்கொள்ளும். போன வருஷத்து வாடகைக் கார் நினைப்பு வந்தது.

வாசலிலேயே சத்துணவு சமைக்கும் ஆனந்தவல்லி கரண்டியும் கையுமாக வழி மறித்தார். முகத்தில் அப்படி ஒரு கோபம்.

"வாங்க சார். உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நாடகம் போடுறேன்னு பிள்ளைங்கள எல்லாம் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டீங்க."

"தெரியும்மா. தப்பு என்னோடதுதான். அறிக்கையே எழுதிட்டேன்."

"அறிக்கைய வச்சு நான் என்ன பண்றது? கிருமியச் சாகடிக்காம ஊருக்கு அனுப்பிட்டீங்களாம்ல. அந்த ஆத்தாமையில இப்ப ஒவ்வொரு புள்ளையும் சாப்பாட்டு மணி அடிச்சதும் குழாயடிக்கு ஓடிப்போயி, கை நெறய சோப்பப் போட்டு, 'ஐயோ செத்தேன், ஐயோ செத்தேன்'னு அஞ்சு நிமிசம் அதச் சாகடிச்சிட்டுத்தான் தட்டத் தொடுது. தெனம் சோறு ஆறிப்போவுது சார், நீங்களாச்சும் சொல்லி நிப்பாட்டுங்க!"