சம்பந்தி ஸஹனில் கருவாடு

கட்டுகஸ்தோட்டை,
1933 ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் பளீல் அவர்கள் சமுகத்துக்கு, பாலத்தடிச் சீலைக்கடை ஹாஷிம் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், ஸுலைஹா, மகள் ஜெஸீமா மூவரும் உடம்பளவில் சுகம். மற்றபடி நானும் ஸுலைஹாவும் பேசிக்கொள்வதில்லை. நாவலப்பிட்டியில் நீங்களும் என் கூடப்பிறந்த ராத்தா ஆஸியாவும் எல்லா வகையிலும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நிற்க. நீங்கள் பேசி ஒழுங்கு செய்தபடி கம்பளை ஹுஸைன் ஹாஜியார், தம்பியையும் மகன் ஹபீலையும் கூட்டிக்கொண்டு போன ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு வந்தார். மாப்பிள்ளைப் பையன் இந்தக் கட்டத்திலேயே வருவது நம் பக்கத்தில் வழக்கமில்லைதான், ஆனால் வந்தவரை வாசலில் நிற்கவைக்க முடியுமா? பையனும் குறை சொல்ல ஏலாத பையன், கதிரையில் உட்காரச் சொன்னால்தான் உட்காருகிறான். எனக்கு இருப்பது ஒரே மகள். இந்த இடம் அமைந்துவிட்டால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று அன்று சுபஹுத் தொழுதுவிட்டு அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சமையல் முழுக்க ஜெஸீமாவின் கை. ரம்பை இலையும் ஏலக்காயும் கறுவாப்பட்டையும் போட்ட நெய்ச்சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல். ஸுலைஹா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்டைக்காவது சோத்துல கண்டதையும் போட்டுப் பெசையாம, வெச்சத வெச்ச மாதிரி சாப்பிடுங்க" என்றாள். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வெறுஞ்சோறு எனக்குக் கரையில்லாத சீலை மாதிரி. ஒரு துண்டு தேசிக்காய், கொஞ்சம் மாசித்தூள், ஒரு கிள்ளுச் சம்பல், ஏதாவது வேண்டும். இருந்தாலும் மகளுக்காகச் சரி என்றேன்.

நாலு பேரும் ஒரே ஸஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். கை கழுவி, பிஸ்மில்லாச் சொல்லி, ஆளாளுக்கு உப்புத் தொட்டு நாவில் வைத்தோம். உப்புக் கிண்ணம் வழக்கம்போல உள்ளே போய்விட்டது. ஸஹன் மூடியைத் திறந்தால் வாசனை பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும், அப்படி ஒரு சோறு. நான் என் பக்கத்தில் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். யா அல்லாஹ்! சோற்றில் உப்பே இல்லை. கொஞ்சம் குறைவு என்றால் சொல்லமாட்டேன் மச்சான், அறவே இல்லை. ஹாஜியார் முகத்தைப் பார்த்தேன், அவர் கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். அந்த மெல்லலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. உப்புக் கிண்ணத்தைத் திரும்பக் கேட்டால் முடிந்தது கதை, பெண்ணுக்குச் சோறாக்கத் தெரியாது என்று நானே குசினியைப் பார்த்துப் பாங்கு சொன்ன மாதிரி ஆகிவிடும். கேட்காவிட்டால் உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஹாஜியார் மனதுக்குள் எழுதிவிடுவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், உப்பிடாதவரை என்ன செய்வார்களோ தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள், பெண்ணைப் பெற்றவன் என்ன செய்வான்?

புளிப்பு ஏறினால் உப்பில்லாதது தெரியாது என்று நினைத்துத் தேசிக்காய் கேட்டு வாங்கி என் பக்கத்தில் பிழிந்தேன். ஸஹன் என்ன வேலி போட்ட தோட்டமா? சாறு ஓடி ஹாஜியாரின் பக்கம் போனது, ஒரு துளி பாய்ந்து அவர் கண்ணுக்குள்ளும் போனது. அவர் துடைத்துக்கொண்டு "பரவால்ல, பரவால்ல" என்றார். அதற்குள் நான் கட்டச் சம்பல் வைத்தேன், மிஞ்சி இலைச் சம்பல் வைத்தேன், அச்சாறு வைத்தேன். விருந்தாளியின் பக்கம் நல்லதைத் தள்ளிவிடுவதுதானே முறை, தள்ளினேன். விருந்து கொடுக்கிறவன் தள்ளியதை விருந்தாளி ஒதுக்குவது முறையில்லையே, அவரும் சாப்பிட்டார். அவருக்கு நெஞ்செரிவு, உறைப்பும் புளிப்பும் ஆகாது என்று நீங்கள் போன கடிதத்தில் கோடு போட்டு எழுதியிருந்தது அச்சாற்றில் பாதி போன பிறகுதான் நினைவு வந்தது. மனிதருக்கு விக்கல் எடுத்துவிட்டது. தம்பிக்காரர் முதுகைத் தடவுகிறார், பையன் தண்ணீர் கொடுக்கிறான், நான் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின்மேல் தூவுகிறேன். அப்பளத்திலாவது உப்பு இருக்கிறதே!

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். என் கெட்ட காலம், கருவாட்டு நினைவு வந்தது. கருவாடு என்றால் என்ன, உப்புக்கு உடுப்புப் போட்டதுதானே! உப்பைக் கேட்கத்தான் முடியாது, கருவாட்டைக் கேட்கலாமே என்று ஒரு புத்தி. உள்ளே பார்த்து, "ஸுலைஹா, அந்தக் கருவாட்டுப் பொரியலக் கொஞ்சம் அனுப்புங்க" என்று சத்தமாகவே சொன்னேன். கதவுச் சீலைக்குப் பின்னால் ஸுலைஹா இருமிய இருமலை நான் மௌத்தாகும்வரை மறக்கமாட்டேன். சம்பந்தி விருந்தில் நெய்ச்சோற்றுக்குக் கருவாடு கேட்ட ஆண்மகன் இந்தக் கண்டிச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது வந்தது. அதையும் தள்ளினேன். கோழிக்குப் பக்கத்தில் கருவாடு கிடந்ததைப் பார்த்து ஹாஜியாரின் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார், மச்சான், கடன் வசூலுக்கு வந்தவன்கூட அப்படிப் பார்த்ததில்லை. பையன் மட்டும் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றான். பாவம், பசியாக இருக்கும்.

கை கழுவினார்கள். ஹாஜியார் வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே, "புள்ளட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நீங்க சொல்லியனுப்புங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். விருப்பமுள்ள ஆள் என்ன சொல்வார்? "நாங்க சொல்லியனுப்புறோம்" என்பார். "நீங்க சொல்லியனுப்புங்க" என்றால், எங்களுக்கு வேண்டாம், அதை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம். பெரிய மனிதர் நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கம்பளைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடையில் ஒருவர் நாலு முழம் கேட்டதற்கு ஐந்து முழம் கிழித்துக் கொடுத்துவிட்டேன். உப்பை மறந்தது யார் என்று நான் ஸுலைஹாவைக் கேட்க, கருவாட்டைக் கேட்டது யார் என்று அவள் என்னைக் கேட்க, அத்தோடு பேச்சு நின்றது. ஜெஸீமா அழவில்லை, வழக்கம்போலச் சோறாக்கி வைக்கிறாள். அதில் உப்பு அளவாக இருக்கிறது. இந்த அளவு அன்று எங்கே போனது என்று கேட்டுக்கொண்டே தின்கிறேன்.

ஆகையால் மச்சான், உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் ரயிலேறிக் கம்பளைக்குப் போய் ஹாஜியாரிடம் எனக்காக மன்னிப்புக் கேளுங்கள். அன்று சமைத்தது ஜெஸீமா இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்லுங்கள். பொய் சொல்ல மனமில்லாவிட்டால், என் மச்சினனுக்கு நாக்கில் ஒரு வியாதி, சின்ன வயதிலிருந்தே உண்டு, பெண்ணுக்கு அது வரவில்லை என்றாவது சொல்லுங்கள். அந்த வியாதிக்குப் பெயர் கேட்டால் நீங்களே ஒன்று வைத்துவிடுங்கள். மகளின் வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

ராத்தாவுக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் அன்பு. எல்லோருக்கும் அல்லாஹ் பரக்கத்தும், என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் அறிவும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் மச்சினன்,
ஹாஷிம்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டச் சொல்லி ஜெஸீமாவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டாள். வந்து முன்னால் நின்று, "வாப்பா, சோத்துக்கு உப்பு நான்தான் போடல்ல. மறக்கல்ல, வேணுமெண்டுதான் போடல்ல" என்றாள். அவளே தொடர்ந்தாள்: "அவங்க என்னப் பத்தி விசாரிக்கலாம், பாக்கலாம். நான் அவங்க எப்பிடி எண்டு எங்க போய்ப் பாக்கிற? உப்பில்லாட்டி குசினியப் பாத்துச் சத்தம் போடுற ஆக்களா எண்டு சீலைக்குப் பின்னால நிண்டு பாத்தேன். ஹாஜியார் நெஞ்சு எரிய எரியச் சாப்பிட்டாரு, ஒரு சொல் சொல்லல்ல. அவரு மகனும் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டாரு. அந்த ஸஹன்ல உப்பில்லாம தவிச்சது நீங்க ஒராள்தான்."

இதோடு விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். போகிறவள் திரும்பி நின்று, "புள்ளட்ட கேட்டுட்டுச் சொல்லியனுப்புங்க எண்டு ஹாஜியார் சொன்னத நானும் கேட்டேன். மாமாவுக்கு இவ்வளவு எழுதுறீங்க, உம்மாவோட கோவிச்சுக்கிறீங்க. தேசிக்காய், சம்பல், அச்சாறு, கருவாடு, எல்லாம் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா வாப்பா?" என்றாள்.

கேட்டேன் மச்சான். இந்த இடம் உனக்குச் சம்மதமா என்று இப்போதுதான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சரி வாப்பா" என்றாள். நீங்கள் கம்பளைக்குப் போங்கள், ஆனால் மன்னிப்பும் வேண்டாம், வியாதியும் வேண்டாம். பெண்ணுக்குச் சம்மதம், வாப்பாக்காரன்தான் கேட்கப் பிந்திவிட்டான் என்று மட்டும் சொல்லுங்கள்.