வாரத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றொரு மணி நேரம்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் தங்கை சௌக்கியம், எங்கள் மகளும் சௌக்கியம், நான் மட்டும் நான்கு நாட்களாக ஒரு கல்லூரி விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரித்த கையோடு காரியம் கேட்பவன் நானில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் மகள், அதாவது உங்கள் மருமகள், சேர ஆசைப்படும் கல்லூரியில் மதிப்பெண் மட்டும் போதாதாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளை என்னென்ன செய்தது என்று பத்துக் கட்டங்களில் நிரப்ப வேண்டுமாம். ஒவ்வொன்றும் எந்தப் பிரிவு, என்ன பொறுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இவள் பாட்டுக்கு ஒரே கட்டத்தில் "அம்மா கடையில் இருப்பேன்" என்று எழுதிவிட்டு எழுந்து போய்விட்டாள். தையல் கடையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கையும் போனுமாக உட்கார்ந்திருப்பது ஒரு சாதனையா? அதை அழித்துவிட்டு, இனி அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இருபத்தாறு வருஷமாக உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறேன். பதினோராயிரம் சாமான்களை ரகம் பிரித்து அடுக்கத் தெரிந்தவனுக்கு, பெற்ற பெண்ணைப் பத்துப் பிரிவாகப் பிரிக்கத் தெரியாதா?

அவளுடைய பழைய பள்ளிக்கூட ஃபைலைக் கூடத்தில் கொட்டி, கிடங்கு ஸ்டிக்கர்களை ஒட்டி, வரிசையாகப் பரப்பினேன். இரண்டாம் வகுப்பு சாக்கு ஓட்டத்தில் மூன்றாம் பரிசு. ஓடியதே மூன்று பேர் என்று கல்லூரிக்காரர்கள் தோண்டித் துருவமாட்டார்கள், ஆகவே அது விளையாட்டு. பள்ளி நாடகத்தில் மரமாக நின்றாள், அது கலை, கூடவே சுற்றுச்சூழல். பக்கத்து வீட்டு நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிறவள்தான், ஆனாலும் ஒரு தடவை அதற்கு பிஸ்கட் வீசியிருக்கிறாள், அது விலங்கு நலம். என்னோடு மல்லுக்கு நிற்பது பேச்சுக்கலை. அதற்கு வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் போட்டேன், அதுவே குறைச்சல். கண் பரிசோதனை முகாமில் கொடுத்த சீட்டைக்கூட விடவில்லை, அது பொதுச் சுகாதாரம். இவ்வளவும் எழுதி நிமிர்ந்தால், அவள் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, மொத்தம் நூத்தித் தொண்ணூத்தி ஒரு மணி நேரம் வருது. ஒரு வாரத்துக்கே நூத்தி அறுபத்தெட்டுதான்" என்கிறாள். நான் அசரவில்லை, கடின உழைப்பாளி என்று நினைத்துக்கொள்வார்கள் என்றேன். உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சரி போகட்டும் என்று நாயை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது ஒரு கட்டம் காலி. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் நூலகர். உங்கள் மருமகள் மூன்று வருஷமாகத் தினமும் மாலை நாலரையிலிருந்து ஏழரை வரை உங்கள் நூலகத்தில் தொண்டு செய்தாள் என்று ஒரு சான்றிதழ், முத்திரை வைத்து, புதன்கிழமைக்குள் கிடைக்கும்படி அனுப்புங்கள். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஐந்து மணி நேரப் பயணம் என்பது கல்லூரிக்குத் தெரியப்போவதில்லை. இது பொய்யும் இல்லை மச்சான், பக்கத்தில் இருந்திருந்தால் கட்டாயம் செய்திருப்பாள். அவளிடம் மூச்சு விடவில்லை, விட்டால் அடுத்த இருபத்தெட்டு மணி நேரப் பேச்சுக்கலை ஆரம்பமாகிவிடும். உங்களிடம் சொல்வதற்கென்ன, வெளியே வீறாப்பாகத் திரிகிறேனே தவிர, உள்ளுக்குள் பயமாக இருக்கிறது. என் பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதக்கூட என்னிடம் ஒன்றும் இல்லையோ என்று பயம்.

உங்கள் குடும்பத்துக்கு ஆயுளும் ஆரோக்கியமும், உங்கள் முத்திரைக்கு மையும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மறுபடி முழுக்க எழுதத் தெம்பில்லை. மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று அரைநாள் லீவு. உறையை ஒட்டப் பசை கேட்டு, ஐந்து மணிக்கு உங்கள் தங்கையின் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் நான் அங்கே போனதே இல்லை. வாசலில் எட்டுப் பேர். ஸ்டூலில் மகள். கையில் அதே போன், அதில் யாரிடமோ அளவு கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டே, ஜாக்கெட்டின் கை குட்டையாகிவிட்டது என்று கத்திய ஒரு அம்மாவைச் சமாதானப்படுத்தி, சிரிக்கவைத்து அனுப்புகிறாள். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து உங்கள் தங்கை கேட்டாள்: "எனக்குக் கை உடைஞ்சு மூணு மாசம் கட்டுப் போட்டிருந்தப்போ கடைய யாரு நடத்துனதுன்னு நெனச்சீங்க?"

நான் அப்படி எதையுமே நினைக்கவில்லை, மச்சான்.

விண்ணப்பத்தைக் காலையிலேயே அனுப்பிவிட்டாளாம். பிரிவுகளின் பட்டியலில் 'குடும்பப் பொறுப்பு' என்றே ஒன்று கடைசியில் இருக்கிறது, நான்தான் அதுவரை போகவில்லை. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முழுநாளையும் விட்டுவிட்டாயே, குறைகிறதே என்றேன். "உள்ளதைப் போட்டா, நீங்க போட்டதுன்னு நெனச்சிடுவாங்கப்பா" என்றாள்.

சான்றிதழ் அனுப்ப வேண்டாம். தினமும் நாலரையிலிருந்து ஏழரை வரை அவள் எங்கே இருந்தாள் என்பது இப்போது எனக்குத் தெரியும்.