நேர்முகத் தேர்வுக்கு அடித்த சென்ட்

இருபத்து மூன்று வயதில் நான் சுத்த மடையனாக இருந்தேன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, மூக்குள்ள சாட்சிகள் இருக்கிறார்கள்.

கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கருக்கு உதவியாளர் வேலை காலியாக இருந்தது. தூள் தயாரிப்பு முழுவதும் டீமேக்கரின் பொறுப்பு. மஸ்கெலியாவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா, நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்த அன்றே எனக்கு வேலை கிடைத்துவிட்டதாக எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான் சிவா, கறுப்புப் போத்தல் ஒன்றை நீட்டினான். பெரிய கம்பெனி ஆண்கள் சென்ட்.

"கழுத்துல ஒண்ணு, மணிக்கட்டுல ஒண்ணு. அதுவே எட்டு மணி நேரம் நிக்கும்" என்றான்.

பதினொரு முறை அடித்தேன். சட்டைக்குள், சட்டைக்கு மேல், தலைமுடியில், கைக்குட்டையில். (காலுறையிலும். காரணம் இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.) ரெண்டு அடிப்பவன் சாதாரண ஆள், பதினொன்று அடிப்பவன் அதிகாரி என்பது என் பேரறிவு.

வீட்டில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் எலுமிச்சை போய் மிளகு நெடி ஏறியது. பக்கத்து சீட்டு அம்மா, "தம்பி, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"இன்டர்வியூவுக்குப் போறேங்க."

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தொழிற்சாலையில் மேரியக்கா என்ற பெண் என்னைச் சுவை பார்க்கும் அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனார். நீள மேசையில் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய தூள் மாதிரிகள் திறந்தபடி இருந்தன. ஓரத்தில் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் என் சென்ட் மூன்றாவது அவதாரம் எடுத்தது: சந்தனமும் மரப்பிசினும் கேக்கும் கலந்த ஒரு கனம். அரை மணி நேரம் அந்தத் தூளுக்குப் பக்கத்தில் கால் மேல் கால் போட்டு அவிந்துகொண்டிருந்தேன்.

டீமேக்கர் உள்ளே வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மேரி, தரையை என்னத்தப் போட்டுக் கழுவுனீங்க?"

"வெறுந்தண்ணிதாங்கய்யா."

"பொய் சொல்லாதீங்க. சோப்புத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

மேரியக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நான் அப்போதே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதினொன்று அடித்த அந்த அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்தார்.

டீமேக்கர் மாதிரித் தூளில் தேநீர் ஊற்றி, ஒரு கோப்பையை உறிஞ்சித் துப்பினார். இன்னொன்றையும் துப்பினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கொஞ்சம் கிட்ட வாங்க."

போனேன். "வெளிய போய் நில்லுங்க" என்றார்.

மிச்ச நேர்முகத் தேர்வு ஜன்னல் வழியாக நடந்தது. அவர் உள்ளே, நான் தூறலில்.

"தேயிலைத் தூளை வைக்கிறப்ப முக்கியமா எதைக் கவனிக்கணும்?"

மனப்பாடம் செய்திருந்ததால் கடகடவென்று சொன்னேன்: "பக்கத்துல இருக்கிற எந்த வாசனையையும் தூள் இழுத்துக்குங்கய்யா. அதனால வாசனைப் பொருள் எதையும் கிட்ட வைக்கக்கூடாது."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வந்தீங்களா?"

அன்றைய மாதிரிகள் அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். வாசலில் மேரியக்காவிடம் போய், "மன்னிச்சுக்கங்க அக்கா, அப்பவே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சரி தம்பி. அதையும் கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க" என்றார்.

வேலை வேறொருவருக்குப் போனது. அம்மா ஒரு மாதம் லயத்தில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை. நான் இப்போது ஹட்டனில் கொப்பியும் பேனாவும் விற்கிறேன். குளிக்கிற சவர்க்காரத்தைத் தவிர வேறு வாசனை உடம்பில் கிடையாது. இருந்தும் நான் சமையலறைக்குள் நுழைந்தால், "அப்பா வர்றாரு, தேயிலை டப்பாவை மூடு" என்று மனைவி குரல் கொடுப்பாள். மகள் ஓடிப்போய் மூடுவாள். ஏன் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறார். இவள் பொம்மையைப் போட்டுவிட்டு அவர்கள் சமையலறைக்கு ஓடி, தேயிலை டப்பாவை இறுக்கி மூடிவிட்டுச் சொன்னாளாம்: "ஆன்ட்டி, அங்கிள் வந்துட்டாரு."