ஐம்பது ராத்தல் நெல் அனுப்பவும்

அரியலூர்,
பார்த்திப வருஷம், புரட்டாசி மாதம்,
புதன்கிழமை இரவு.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா கிருஷ்ணம்மாளுக்கு, உன் தங்கை புஷ்பவல்லி விக்கிரமங்கலம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா நலம், எருமை நலம். அப்பா மிக மிக நலம். அந்த நலத்தினால்தான் இந்தக் கடிதம். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். ஆனால் கடிதத்தைக் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விளக்கை முறத்தால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் குறட்டை நிற்கும்போதெல்லாம் என் பென்சிலும் நின்றுவிடும், அதனால் எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் அப்பா தராசில் உட்காரப் போகிறார். ஆமாம், நீ வேண்டிக்கொண்ட அதே வேண்டுதல்தான். ஒரு தட்டில் அப்பா, மறு தட்டில் நெல். ஆனால் மூட்டை கட்டி வைத்திருக்கும் நெல் அப்பாவின் எடைக்கு ஐம்பது ராத்தல் குறைகிறது. இது அப்பாவுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, பெருமாளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். குறைந்ததற்குக் காரணமும் நான்தான்.

போன தைப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது வேண்டுதலைப் பற்றிப் பேச்செடுத்தாய். அப்பா, "யாரக் கேட்டு வேண்டிக்கிட்டே? உன் புருஷன் வூட்டு நெல்லா?" என்று கத்தினார். நீ இலையில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு வண்டி ஏறிப் போனாய். அதற்குப் பிறகு ஒன்பது மாதமாக நீ இந்தப் பக்கம் வரவில்லை. அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் விக்கிரமங்கலத்திலிருந்து எந்த வண்டி வந்தாலும் நிறுத்தி, "அங்க மழை எப்படி?" என்று கேட்பார். சித்திரை வெயிலில்கூடக் கேட்டார். ஆடி மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "சாமி காரியத்தத் தள்ளிப்போடக் கூடாது, செஞ்சுடலாம்" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

அப்புறம் கோயில் பட்டரிடம் போய் வாதாடினார். விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சலில் கிடந்த அன்றைக்கு என்ன எடையோ அதற்குத்தான் நெல் என்று அப்பா சொன்னார். நினைத்துப் பார்த்தால் அன்றைக்கு அப்பா இருந்த எடைக்கு ஒரு சாக்குகூட வேண்டியிருக்காது. இருபத்தொரு நாளாகியும் காய்ச்சல் தீராதபோது நீ தனியாளாக அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைத்தாயே, எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று குளித்துவிட்டு வந்து, தலை ஈரம் சொட்டச் சொட்டக் கல்லங்குறிச்சிப் பக்கம் திரும்பி, "எங்கப்பாவக் குடுத்துடு, எடைக்கு எடை நெல் தரேன்" என்று நீ அழுதாய். நான் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என்ன என்று தெரியாமலேயே கூட அழுதேன். பட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லுசாமி, பெருமாள் பொழைக்க வச்சது எலும்ப மட்டுமா? இந்த வயித்தையும் சேத்துத்தானே? தராசுல ஏறுற அன்னிக்கு என்ன எடையோ அதுதான்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாலையே பிச்சைமுத்து வைத்தியர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்று அவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ. ஒரு தகர டப்பா நிறைய மாத்திரை. இஞ்சியைக் காயவைத்து இடித்து எலுமிச்சைச் சாறு விட்டு உருட்டியதாம். "ஐயா, நீங்க ஓட வேணாம், நடக்க வேணாம், சும்மா உக்காந்திருந்தாப் போதும். ரயில் எஞ்சின் நின்ன எடத்துலயே கரி தின்னுதா இல்லியா? இது உள்ள போனா உங்க உடம்பும் அப்படித்தான். கொழுப்பு தானா எரிஞ்சுபோவும்" என்றார். சும்மா உட்காருவதில் அப்பாவுக்கு உள்ள பிரியம்தான் உனக்குத் தெரியுமே. அன்றிலிருந்து அவர் ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிப்பதில்லை. யாராவது வேலை சொன்னால், "நான் எரிஞ்சுக்கிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதீங்க" என்பார். அம்மா, "அடுப்புக்கு வெறகு இல்ல, கொஞ்சம் இங்க வந்து எரியுங்களேன்" என்றாள்.

எரிந்தாரோ இல்லையோ, பசி வந்தது அக்கா. அப்படி ஒரு பசி. காலையில் ஏழு தோசை, பத்து மணிக்குப் பழைய சோறு, மத்தியானம் சாப்பாடு, மூன்று மணிக்கு வேர்க்கடலை, இரவில் மறுபடி தோசை. ரேஷன் காலத்தில் இப்படியா என்று அம்மா அழுகிறாள். "மருந்து வேலை செய்யுது, அதான்" என்று அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். இஞ்சி பசியைக் கிளப்பும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். நாம் இரண்டு பேரும் தீபாவளிக்குக் கிளறி வைத்த இஞ்சி லேகியத்தை நெய் வாசனைக்கு ஆசைப்பட்டுக் கிண்ணத்தோடு வழித்துத் தின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அன்று அடுக்களையில் மறுநாளைக்கு வைத்திருந்த சோற்றையும் தின்று தீர்த்தோம். பூனை தின்றுவிட்டது என்று அம்மா பூனையை ஒரு வாரம் வீட்டுக்குள் விடவில்லை. இப்போது லேகியம் கிளறினால் தின்பதற்கு நான் ஒருத்திதான். ஒருத்தியாகத் தின்றால் காரம் மட்டும்தான் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் ஜானகி டீச்சரிடம், இஞ்சி தின்றால் உடம்பு எரிந்து எடை குறையுமா என்று கேட்டேன். "கொஞ்ச நேரம் உடம்பு சூடாகும், எரியுறதும் கொஞ்சம்தான். ஒரு தோசைக்குக்கூடக் காணாது. எந்திரிச்சு நடந்தா அதவிட அதிகமா எரியும்" என்றாள் டீச்சர். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்து, "உங்க வூட்ல யாருக்கு?" என்றாள். அப்பாவின் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "எருமைக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. இரண்டு நாள் எல்லோரும் என்னை எருமைக்கு இஞ்சி கொடுத்தவள் என்றே கூப்பிட்டார்கள். அதுவும் நம் எருமைக்குப் போதாத காலம். ஆடியிலிருந்து அது ஒரு நிலையில் நிற்பதில்லை. இரண்டு முறை கயிற்றை அறுத்துக்கொண்டு ரயில் பாதை வரைக்கும் ஓடியது. பாலில் ஏதோ சுறுக்கென்று ஒரு வாசனை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா அதற்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். அது போகட்டும், என் கதைக்கு வருகிறேன்.

மாத்திரை ஆரம்பித்த முதல் சனிக்கிழமை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார். பார்சல் நிறுக்கும் தராசு அங்கே இருக்கிறது. பார்சல் ஆபீஸ் சிவசுப்பிரமணியன் சாருக்கு நம் வீட்டிலிருந்து தயிர் போவதால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அப்பா பலகைமேல் ஏறி நின்றால் முன்னால் இருக்கும் பித்தளைக் கம்பியில் உள்ள எண்களை அவரால் படிக்க முடியாது. பாதி கண்ணுக்குத் தெரியாது, மீதி வயிறு மறைக்கும். அதனால் நான் படித்து நோட்டில் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. நூற்றுத் தொண்ணூற்றாறு ராத்தல். எழுதினேன். அடுத்த சனிக்கிழமை நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அப்பா பலகைமேல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, திருவிழாவில் பலூன் கேட்கிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்து, "எவ்ளோ தாயி கொறைஞ்சிருக்கு?" என்றார். எடை பார்க்கிற நாள் என்று காலையிலிருந்து இரண்டே இரண்டு தோசைதான் தின்றிருந்தார். என்னால் முடியவில்லை அக்கா. "நாலு ராத்தல்பா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குக் காபி கிளப்பில் அல்வா வாங்கிக் கொடுத்தார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்கடுத்த வாரம் எப்படிக் கூட்டிச் சொல்வது? இன்னும் நாலு குறைத்தேன். அப்புறம் ஐந்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் தராசு ஏறியது, நோட்டு இறங்கியது. இப்போது நிஜத்தில் அப்பா இருநூற்றெட்டு ராத்தல். நோட்டில் நூற்றைம்பத்தெட்டு. நம் தெருவில் ஆறு பேர் பிச்சைமுத்து வைத்தியரிடம் டப்பா வாங்கிவிட்டார்கள். நேற்று அப்பா நோட்டைப் பார்த்துச் சரியாக நூற்றைம்பத்தெட்டு ராத்தல் நெல் நிறுத்து மூட்டை கட்டி, நெல் பத்தாயத்துச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார்.

சனிக்கிழமை என்ன நடக்கும் தெரியுமா? புரட்டாசிச் சனி, ஊர்க் கூட்டமெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்பா தட்டில் உட்கார்ந்ததும் அது தரையில் குந்திக்கொள்ளும், நெல் தட்டு மேலேயே நிற்கும். பெருமாள் வேண்டுதலை ஏற்றுக்கொள்ளவில்லை என்பார்கள். அது உன் வேண்டுதல். நோட்டை எடுத்துப் பார்ப்பார்கள், அது என் எழுத்து. "பள்ளிக்கூடத்துல கணக்குப் படிச்ச லட்சணம் இதானா" என்று அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் கூட்டத்துக்கு நடுவே தட்டில் உட்கார்ந்தபடி அப்பா என்னை நிமிர்ந்து பார்ப்பாரே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்தட்டுமா? நம் வீட்டு உத்தரத்தில் கடலை நிறுக்கும் பெரிய தராசு தொங்கும். பொங்கல்தோறும் அப்பா நம்மை அதில் உட்காரவைத்து நிறுப்பார். நீ ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாய் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. "பாரு சுந்தராம்பா, பொண்ணு மூணு ராத்தல் ஏறியிருக்கா" என்பார் அப்பா. அம்மா முகம் மலர்ந்துவிடும். பிறகு படுத்துக்கொண்டிருக்கும்போது நீதான் என் காதில் சொன்னாய், அப்பா தன் கால் கட்டைவிரலால் உன் தட்டின் விளிம்பை அழுத்தியதைப் பார்த்ததாக. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாய். நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்தத் தராசு இப்போது பரணில் தூசி படிந்து கிடக்கிறது. நான் செய்ததும் அதே மாதிரி காரியம்தான் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் அப்பா அழுத்தியது விரல் கனம், நான் குறைத்தது அரை மூட்டை.

அதனால் உன் காலில் விழுந்து கேட்கிறேன். விடியற்காலை வண்டிக்காரர் தர்மன் விக்கிரமங்கலம் வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை திரும்பும் வண்டியில் ஐம்பது ராத்தல் நெல்லைத் தலையணை உறையில் போட்டு, பழந்துணி மூட்டை மாதிரி கட்டி அனுப்பு. கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நான் அதை நெல் தட்டில் போட்டுவிடுகிறேன். நீ வர வேண்டாம், உன் கோபம் எனக்குத் தெரியும். நெல் மட்டும் வந்தால் போதும். அத்தானின் இருமல் குணமாகவும், உன் வீட்டு நெல் குதிர் என்றும் வழியவும், உன் தலையில் பூ வாடாமல் இருக்கவும் அந்தப் பெருமாளையே வேண்டிக்கொள்கிறேன், அவர் என்மேல் கோபமாக இல்லாவிட்டால்.

இப்படிக்கு,
பயந்துகொண்டே இருக்கும் உன் தங்கை,
புஷ்பவல்லி.

பின்குறிப்பு: வியாழக்கிழமை விடியற்காலை. நெல் அனுப்பாதே. கடிதத்தை அடுப்பில் போடவும் வேண்டாம்.

தர்மன் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பின்னால் அப்பா நிற்கிறார். தர்மனிடமிருந்து அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாட்டுக் கொட்டகை வாசலில் நின்று முதலிலிருந்து கடைசி வரை படித்தார். நான் அழக்கூட மறந்துபோய் நின்றேன். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, "ஏழு தோசை இல்ல, ஒம்பது" என்றார். படித்து முடித்ததும் என்னைப் பத்தாயத்துப் பக்கம் கூட்டிப்போய்க் கதவுக்குப் பின்னால் காட்டினார். அங்கே இன்னொரு சாக்கு நின்றது. "இதையும் சேத்தா இருநூத்தெட்டு ராத்தலுக்கு வேண்டியது இருக்கு, மேல ஒரு மரக்கா நெல்லு கூடவே போட்டிருக்கேன். எம் பொண்ணு வேண்டுதல் கொறையலாமா?"

"உங்களுக்கு எப்படிப்பா எடை தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்தே பார்சல் சார் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு."

"அப்ப ஏன் என்னைக் கேக்கல?"

அப்பா சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார். "ஒங்கக்காவுக்கு எடை கூட்ட நான் வெரல வச்சேன். எனக்கு எடை கொறைக்க நீ பென்சில வச்சே. இதுல எங்க போயி கேக்கறது?" என்றார்.

அப்புறம் ஒன்று சொன்னார் அக்கா, மேலே நான் எழுதியதெல்லாம் வீணாகப் போய்விட்டது. இஞ்சி மாத்திரையை அவர் தின்றதே மூன்று நாள்தானாம். காரம் தாங்காமல் மீதி எல்லாவற்றையும் தினமும் எருமையின் தவிட்டுத் தொட்டியில் போட்டிருக்கிறார். அது ஆசையாகத் தின்றதாம். நான் டீச்சரிடம் சொன்னது பொய்யே இல்லை. "அப்ப அந்தப் பசி?" என்று கேட்டேன். "அது எம் பசி தாயி. மருந்துன்னு சொன்னாத்தான் ஒங்கம்மா திட்டாம போடுவா" என்றார்.

கடைசியில் என் பென்சிலை வாங்கி, கீழே இருக்கும் வரியை அவரே எழுதினார். எழுதும்போது என்னை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார்.

அன்று என்னைத் தனியாளாகத் தூக்கினாய். சனிக்கிழமை வந்து தூக்கிப் பார். – நல்லுசாமி.