முப்பத்தொரு விநாடிப் புவனேந்திரன்

நம்மிடையே வேகக்காரர் என்றோர் இனம் உண்டு. வேலையை வேகமாகச் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. இவர் வேலை செய்யும் பொருளுக்கு வேகம் கூட்டுகிறவர். மிக்சி கிடைத்தால் பிளேடைத் தீட்டுவார், மோட்டார் சைக்கிள் கிடைத்தால் சைலன்சரைக் கழற்றுவார், சும்மா ஓடுகிற எதையும் சும்மா ஓடவிட மாட்டார்.

மலாக்கா புக்கிட் ரம்பாய்த் தொழிற்சாலை ஒன்றில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் புவனேந்திரன் இந்த இனத்தில் அசல் சரக்கு. தொழிற்சாலை தூக்கிப்போட்ட சர்வர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்த ஒரே பெட்டிக்குள் நான்கு மெய்நிகர் கணினிகளைக் குடிவைத்திருந்தார். நான்கும் தம்மைத் தனித்தனிக் கணினி என்று நம்பிக்கொண்டிருந்தன. அவை என்ன வேலை செய்தன? ஒன்றின் வேகத்தை மற்றொன்று அளந்தது. அவ்வளவுதான்.

அவர் மனைவி பவானேஸ்வரி இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் கோயில் செயலாளராகியிருந்தாள். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பால்குடம் எடுப்பவர்களின் பெயரையும் நட்சத்திரத்தையும் பதிவதுதான் அவளுடைய முதல் வேலை. எங்கே சறுக்குவாள் என்று தலைவர் திருச்செல்வம் காத்திருந்தார்.

"நோட்டுல எழுதிக்கிறேங்க," என்றாள் கணவரிடம்.

"இந்தக் காலத்துல நோட்டா? என் மெஷின்ல போடு லா, பறக்கும்!"

பறக்கவைக்க ஒரு வாரம் பிடித்தது. எழுதச் சொன்னதை ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதாமலேயே, நினைவகத்தில் தூக்கி வைத்துக்கொண்டு, 'எழுதியாச்சு' என்று உடனே சொல்லிவிடும் முறை ஒன்று இருக்கிறது. பிறகு சாவகாசமாக முப்பது விநாடிக்கு ஒருமுறை வட்டில் எழுதும். நம்மவர் விடுவாரா? "வட்ட எதுக்கு அடிக்கடி தொந்தரவு பண்ணணும்?" என்று அதை மூன்று மணி நேரமாக்கினார். மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும் என்று கணினி சிவப்பு எழுத்தில் மன்றாடியது. "கோயில்ல கரண்டு போயி எந்தக் காலத்துல பாத்த?" என்று அதையே திருப்பிக் கேட்டார்.

கரண்டு போகவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பெட்டியைக் கோயில் மண்டபத்துக்கே தூக்கிவந்து வைத்துப் பதிவைத் தொடங்கினார்கள். பவானேஸ்வரி தட்டத் தட்டப் பெட்டி 'எழுதியாச்சு, எழுதியாச்சு' என்றது. பத்தே முக்காலுக்குள் நூற்று அறுபது பேர். அவள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் தொழிற்சாலை நண்பர் கிளாரன்ஸ் வந்து சேர்ந்தார். அவரும் அதே இனம்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எவ்ளோ நேரம் பிடிக்கும்? என்னோடது நாப்பது செகண்டு."

ஒரு வேகக்காரரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது?

"இப்ப பாரு லா!"

"டேய், ஒழுங்கா ஷட்டவுன் பண்ணு."

"அதுல என்னடா வீரம்?" என்று புவனேந்திரன் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். முப்பத்தொரு விநாடி! இருவரும் கைதட்டிக்கொண்டார்கள். பவானேஸ்வரி திரும்பி வந்து பட்டியலைத் திறந்தாள். ஒரு பெயர்கூட இல்லை.

"ஏங்க, பேருங்க எங்க?"

"அதான் எழுதியாச்சே..."

"எங்க எழுதுச்சு?"

"இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்," என்றார் திருச்செல்வம். அவர் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. பவானேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தார் புவனேந்திரன். நேரே போய் மைக்கைப் பிடித்தார்.

"செயலாளர் மேல தப்பு இல்ல. பிளக்கப் புடுங்குனது நான்தான். பேர் கொடுத்தவங்க தயவுசெஞ்சு மறுபடி வாங்க."

பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். யார் யார் என்று யாருக்குத் தெரியும்? கிளாரன்ஸின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாகத் தூரத்துச் சுங்கை ரம்பாய் வரை வீடு வீடாக ஏறி இறங்கினார். "காலையிலதான கொடுத்தேன் தம்பி? மெஷின் எழுதிருச்சுன்னியே?" என்றார் பெத்தம்மாள் அக்கா. கேட்கப் போன இடத்தில், கொடுக்காதவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு 'கொடுத்தோம்' என்று தலையாட்டினார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு பேர். அந்தக் கோயில் அதுவரை கண்டிராத கூட்டம்!

பவானேஸ்வரி நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"எல்லா வீட்டுக்கும் போயாச்சா?"

"ஆச்சு லா!"

இன்னும் இரண்டு ஜாலான், அதாவது இரண்டு தெரு, பாக்கி. அவள் ஹெல்மெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் மலாக்காவில் கல்யாணத்துக்கு எல்லாரும் உங்களுக்காகக் காத்திருந்தபோது, "கிளம்பியாச்சு, வந்துகிட்டே இருக்கேன் லா" என்று போனில் சொன்னீர்களே, அப்போது உங்கள் இடுப்பில் இருந்தது குளித்த துண்டுதானே? அந்த நேரம் பார்த்து யாராவது உங்கள் பிளக்கைப் பிடுங்கியிருந்தால், மிஞ்சியிருக்கக்கூடியது அந்தத் துண்டு ஒன்றுதான்.