கரு தேடி வந்த வேன்

கிட்டே வாருங்கள் கண்ணுங்களா, பின்னால் நிற்பவர்களும் நெருங்கி உட்காருங்கள். உலகத்தில் கவிதை எங்கே பிறக்கிறது என்று பெரிய பெரிய படிப்பாளிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியும். எண்ணூரில், எங்கள் ஆற்றுச் சேற்றில் பிறந்தது. பிறந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். பிரசவம் பார்த்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

செல்போன் புதிதாக வந்து எல்லாரும் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்த காலம். திருவொற்றியூரில் 'வளர்கவி மன்றம்' என்று ஒரு மாபெரும் நிறுவனம். அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வரதன் ஒருவரே. பகலில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. மாலையில் 'கடலோசை' வரதன். அவர் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டினார். பொருள்: கவிதை எழுதக் கரு கிடைக்கவில்லை. நிலா, மழை, காதலி, காதலி எடுக்காத செல்போன் எல்லாம் தீர்ந்துபோயின. 'நேரில் சென்று கருவைக் கண்டெடுப்பது' என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சௌக்கத் அலியின் வேன் நிறையக் கவிஞர்கள் எங்கள் குப்பத்தில் வந்து இறங்கினார்கள். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் வேன் அது. வரதன் மூச்சை ஆழமாக இழுத்து, "ஆஹா, நெய்தலின் மணம்!" என்றார்.

"நேத்து ஏத்துன வஞ்சிரம் சார் அது. வண்டி கய்வ டைம் இல்ல," என்றார் சௌக்கத் அலி.

அந்த நேரம் நானும் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவும் ஆற்றில் உட்கார்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வலை கிடையாது. சேற்றைக் கையால் தடவித்தான் பிடிப்போம். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வோம். வாயைத் திறந்தால் பறி போய்விடும், இறாலும் போய்விடும். ஆகவே தண்ணீரில் இருக்கும்வரை எங்கள் மொழியில் உள்ளவை 'ம்', 'ம்ஹூம்' மட்டும்தான்.

மகாகவிகளுக்கு இது எப்படித் தெரியும்? வரதன் கரையிலிருந்து கைகளை விரித்தார்.

"அன்னையே! இந்த ஆறு உங்களிடம் என்ன பேசுகிறது?"

"ம்ஹூம்!" என்றாள் செல்லம்மா. அவர் கால் வைக்கப்போன இடம் சாம்பல் படிந்த சேறு. மேலே ஓடு மாதிரி காய்ந்திருக்கும், கீழே கூழ். அங்கே வராதே என்கிறாள்.

"குறித்துக்கொள்ளுங்கள்! மோனம்!" வரதன் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"ம்ஹூம்! ம்ஹூம்!"

"மோனம் முற்றுகிறது!" இன்னோர் அடி. பாதம் போனது, முழங்கால் போனது, இடுப்பும் போனது. கவிஞர் பெருமான் எங்கள் மண்ணில் வேரூன்றினார்.

செல்லம்மா பறியைத் துப்பினாள். "யோவ், ஆடாத! ஆட ஆட உள்ள இஸ்துகினு பூடும்! மல்லாக்க சாஞ்சிக்க!"

கரையில் எல்லாரும் அதை எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டே இருந்ததால், இழுத்துவிட ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

சௌக்கத் அலி கயிறு வீச, நானும் செல்லம்மாவும் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, வரதன் வெளியே வந்தார். செருப்பு வரவில்லை. எங்கள் இறால் ஆற்றோடு போனது.

"நைனா, இது சேறு இல்ல, சாம்பலு," என்றாள் செல்லம்மா. "தோ பாரு, நெலக்கரி எரிக்கற கரண்டு கம்பெனி கொயா. விரிசல் வுட்டு ஊத்திகினே கீது. ஆறு தூந்துகினு வருது. எறாலு அத்துப்போச்சுன்னா நாங்க இன்னாத்த துன்றது? எங்க பேச்ச எவன் கேக்கறான்? நீ எயுதற ஆளாச்சே. கொயாவ அடைக்க சொல்லி ஒரே ஒரு வரி எயுது."

"எழுதுகிறேன் தாயே! எங்கள் தொகுப்பை வெளியிடப்போகிறவரே அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரிதான். காகிதச் செலவும் அவருடையதே!"

செல்லம்மா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சட்டை அலசிக் கொடுத்து, மீன்குழம்பும் ஊற்றினாள். ஆறு பிழைத்துவிட்டது என்று குப்பமே நம்பியது.

தொகுப்பு வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாங்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனோம். வரதன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:

"நிலவு தன் முகத்துக்குப்
பூசிய மாவு
நதியின் மார்பில் உதிர்ந்ததோ!"

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம குழாயில இவ்வளவு அழகா! இதுல போய்க் கைவைக்க மனசு வருமா?"

செல்லம்மா எழுந்துவிட்டாள். "சார்! அது நெலாவும் இல்ல, மாவும் இல்ல! சாம்பலு சார், சாம்பலு!"

கைதட்டல் மண்டபத்துக் கூரையைத் தூக்கியது. "ஒன்ஸ்மோர்!" என்றார்கள். அவள் வயிற்றெரிச்சலோடு மறுபடியும் கத்தினாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அதிகாரி மேடையிலிருந்து நெகிழ்ந்து ஒரு சால்வை போர்த்தினார், வரதனுக்கு.

அந்த வரி வரதனை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. 'நிலவும் இல்லை, மாவும் இல்லை' என்று அடுத்த தொகுப்பு வந்தது, அதற்குப் பரிசும் வந்தது. பாராட்டுக் கூட்டத்தில் செல்லம்மாவைக் 'கருவின் தாய்' என்று மேடையேற்றினார்கள். நடுவர் கேட்டார்: "ஐயா, சாம்பல் இங்கே எதன் குறியீடு?"

வரதன் மின்விசிறியைப் பார்த்து யோசித்து, "நிலையாமையின் குறியீடு," என்றார்.

செல்லம்மா மைக்கைப் பிடுங்கினாள். "கொறியீடா? இடுப்பு வரிக்கும் கீது நைனா! நீயே சொருவிக்கினியே, மறந்துட்டியா? வேணுன்னா வந்து எறங்கிப் பாருங்க!"

"அழைத்துவிட்டார்!" என்று சபை எழுந்து நின்றது. அடுத்த ஞாயிறு இரண்டு வேன் வந்தது.

கடைசியில் நாங்கள் குப்பமாகத் திரண்டு கம்பெனி வாசலுக்குப் போனோம். இறால் அற்றுப்போயிருந்தது, ஆற்றில் நடந்தே அக்கரை போகலாம். அதிகாரி வெளியே வந்தார். நல்ல மனிதர், கோபமே படவில்லை. அத்தனை பரிவோடு சொன்னார்:

"இன்னும் என்னம்மா பண்ணச் சொல்றீங்க? அதைப் பத்தித்தான் கவிதையே வந்தாச்சே!"

போய்வாருங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டு உலை பொங்கட்டும், குழந்தைகள் நோயில்லாமல் வளரட்டும், குடிக்கிற தண்ணீர் தெளிந்திருக்கட்டும். உங்கள் வீட்டுக் கஷ்டம் மட்டும் எந்தக் கவிஞர் கண்ணுக்கும் அழகாகத் தெரியாமல் இருக்கட்டும்.