கோப்பில் இல்லாத நிழல்

சூரியன் தினமும் உதிக்கிறது என்பதில் அந்த அலுவலகத்தில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. அதைச் சோலார் பேனல் கோப்பின் முதல் பக்கத்தில் பதிவு செய்தவரே கட்டடப் பிரிவுக் கண்காணிப்பாளர்தான். மூன்றாம் பக்கத்தில், "மொட்டைமாடியில் நிழல் ஏதும் இல்லையென நேரில் ஆய்வு செய்து சான்றளிக்கப்படுகிறது" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். லிஃப்ட் நாலாவது மாடியோடு நின்றுவிடும். அதற்குமேல் முப்பது படி. அவருடைய முட்டி அந்த ஆய்வுக்குச் சம்மதிக்கவில்லை.

அவருக்கும் இதில் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மனைவிக்கு வேறு ஊரில் வேலை. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக் குடித்தனம். "மாடியில வெச்ச சோலார் பேனல் ஒரு நாளைக்கு அஞ்சு யூனிட் காட்டட்டும், உங்க மாறுதல் ஆர்டர்ல அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்" என்று இயக்குநர் வாயாலேயே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை திறப்பு விழா. செவ்வாய்க்கிழமை மீட்டர் காட்டியது ஒன்று.

வேறு வழியில்லாமல் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு முப்பது படியும் ஏறினார். பேனல்கள் பாதி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடந்தன. மீதி, ஒரு பெரிய போர்டின் நிழலில். இருபதடி நீளம், பத்தடி உயரம். 'இக்கட்டடம் சூரிய ஒளியால் இயங்குகிறது' என்று தெருவைப் பார்த்து எழுதியிருந்தது. அளவு, வாசகம், வைக்க வேண்டிய இடம் எல்லாம் அவரே போட்ட உத்தரவு.

"இந்த போர்டை எடுத்துட்டா போதும் சார், பாதிப் பிரச்சினை தீர்ந்தது."

"போர்டை எடுத்துட்டா கட்டடம் எதுல ஓடுதுன்னு ஜனங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

"அப்ப நிழல்?"

"நிழல் இல்லைன்னு கோப்புல இருக்கு. இல்லாத நிழலை எடுக்கச் சொல்லி நான் எப்படிக் குறிப்பு எழுதறது? எழுதினா, அப்ப மூணாம் பக்கத்துல கையெழுத்துப் போட்ட முட்டாள் யாருன்னு கேப்பாங்க."

"யார் சார்?"

கண்காணிப்பாளர் நிழலிலேயே உட்கார்ந்து யோசித்தார். உட்கார நல்ல குளுமையான இடம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். அது எங்கிருந்து வருகிறதென்று பேனல் கேட்கப்போவதில்லை. இந்த ஞானம் பிறந்ததும் எழுந்தார்.

புதன்கிழமை, பன்னிரண்டு ஆயிரம் வாட் விளக்குகள் பேனல்களைச் சுற்றி நின்றன. பட்டப்பகலில் எட்டு மணி நேரம் எரிந்தன. சாயங்காலம் மீட்டர் ஐந்தைத் தொட்டது.

"நூறு யூனிட்டை எரிச்சு நாலு யூனிட் எடுத்திருக்கோம் சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அந்த நூறு பொது மின்சாரம், வேற பிரிவு. நம்ம பிரிவுக்கு நாலு லாபம்."

சொல்லும்போதே அவருக்குத் தன்மேல் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மனைவியின் முகமும் ஞாபகம் வந்தது. வெட்கம் ஒதுங்கிக்கொண்டது.

விழாவுக்கு வந்த இயக்குநர் விளக்குகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"வெயில் இல்லாதப்பவும் ஓடுமா?"

"ஓடும் சார். விளக்கு எரியற வரைக்கும்."

"இது ஏன்யா இத்தனை நாளா யாருக்கும் தோணலை?"

அன்றே இரண்டு உத்தரவுகள் பிறந்தன. ஒன்று, கண்காணிப்பாளரின் மாறுதல், அடுத்த மாதம் முதல். இன்னொன்று, எல்லா ஊர்க் கட்டடங்களுக்கும் 'ஒளியூட்டப்பட்ட சூரிய சக்தி' மாதிரித் திட்டம்.

மாதக் கடைசியில் பெட்டி கட்டிவிட்டு மனைவிக்குப் போன் செய்தார். அவள் மூச்சு வாங்கப் பேசினாள்.

"படியேறிட்டிருக்கேங்க. நம்ம குடியிருப்புல லிஃப்ட் நின்னு மூணு நாளாச்சு. ஊர்ல பகல் பூரா கரண்ட் இல்ல. எல்லா மாடியிலயும் விளக்கு எரியவிட்டா கரண்ட் எப்படி இருக்கும்? எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ."

புண்ணியவான் தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்றாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"வந்து... அந்த விளக்கு..."

"அதைத்தான் சொல்ல வந்தேன். எதிர்க் கட்டடத்துக்கு வந்துடுச்சு, நமக்கு மட்டும் இன்னும் வரல. மனு எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கிக் குடுத்துட்டேன்."

"அதனாலதான் கரண்ட் போகுதுன்னு நீயே சொல்றியே?"

"எல்லார் வீட்லயும் இருக்கும்போது நாம மட்டும் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கு? நீங்க வர்றதுக்குள்ள வந்துடும்."

"மனுவில மாடியில நிழல் இருக்கான்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டிருந்தாங்க. இல்லைன்னு எழுதி, நேர்ல பார்த்ததா கையெழுத்துப் போட்டேன். அங்க ஏறிப் போய்ப் பார்க்க யாருக்குங்க முட்டி இருக்கு?"